காஜா பேராங்கில் கிராம்பு விற்றவன்

என் மனைவியின் தையல் மெஷினைக் கொடுத்து மூன்று மூட்டை கிராம்பு வாங்கினேன். அதுவும் ஊரில் அரிசி இல்லாத காலத்தில். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மறைத்து வைத்துக் கடைசியில் அவிழ்க்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. தவிர, மலாக்காவில் காஜா பேராங் பக்கத்தில் இது தெரிந்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். என்னை வழியில் கண்டால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக் காட்டுகிறார்கள்.

எல்லாம் படிப்பினால் வந்த வினை. நான் வேலை பார்த்த ரப்பர்க் கம்பெனி ஆபீஸ், வெள்ளைக்காரத் துரைமார் சிங்கப்பூருக்கு ஓடிய அன்றே மூடப்பட்டது. கிராணி என்கிற குமாஸ்தா வேலை போனவனுக்கு மிஞ்சியது அலமாரி நிறையச் சரித்திரப் புத்தகங்களும், அவற்றைப் புரட்ட வேண்டிய அளவுக்கு மேலேயே நேரமும். ஜப்பான்காரன் ஊருக்குள் வந்து சாமான்கள் ஒவ்வொன்றாகக் கடைகளிலிருந்து மறைந்துகொண்டிருந்தபோது நான் யோசித்தேன். இந்த மலாக்காவுக்குப் போர்த்துகீசியன் வந்தான். அவனை அடித்து விரட்டிக்கொண்டு டச்சுக்காரன் வந்தான். அவனுக்குப் பின்னால் இங்கிலீஷ்காரன் வந்தான். எல்லாரும் எதற்கு வந்தார்கள், காற்று வாங்கவா? கிராம்புக்கும் சாதிக்காய்க்கும்தான் கடல் தாண்டி வந்து ஒருவன் கழுத்தை ஒருவன் அறுத்தார்கள். இப்போது யுத்தம். கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் கிராம்பு வராது. அப்படியானால் கையில் கிராம்பு வைத்திருப்பவன் ராஜா. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

என் மனைவிக்குத் தெரிந்தது. மூட்டைகள் கைவண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கிராம்ப எதுல போடுவாங்க?" என்று கேட்டாள்.

"பிரியாணியில. குருமாவுல."

"அரிசி எங்க இருக்கு? கறி எங்க இருக்கு?"

நான் போர்த்துகீசியனைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். மெஷின் இருந்த மூலையில் தரையில் நாலு கால்களின் தடம் இருந்தது. அதன் பிறகு பல நாள் அந்த இடத்தைக் கூட்டாமலே விட்டிருந்தாள்.

ஆற்றங்கரையில் கிட்டங்கி வைத்திருந்த சீனத் தவுக்கேதான் எனக்கு அந்த மூட்டைகளைக் கொடுத்தவர். என் யோசனையைச் சொன்னதும் மனிதர் சுறுசுறுப்பாகிவிட்டார். கூலியாளைக் கூடக் கூப்பிடாமல் தானே முதுகில் மூட்டை தூக்கி வண்டியில் வைத்தார். முதலாளி தானே மூட்டை தூக்கினால் சந்தேகப்பட வேண்டும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

வீடு முழுக்கக் கிராம்பு வாசம். குடிக்கிற தண்ணீரில், தலையணையில், வேகிற மரவள்ளிக் கிழங்கில். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முன்பெல்லாம் அதற்காக வருத்தப்பட்ட உறவுக்காரர்கள் அந்த வருஷங்களில் "ஒரு வகையில நல்லதாப் போச்சு" என்றார்கள்.

அடுத்த வருஷம் சயாம் விஷயம் ஆரம்பித்தது. காட்டுக்குள் ரயில் பாதை போட ஜப்பான்காரனுக்கு ஆள் வேண்டியிருந்தது. முதலில் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களை, அரிசியும் சம்பளமும் உண்டு என்று சொல்லி ஏற்றிப் போனார்கள். யாரும் திரும்பவில்லை. பிறகு சொல்வதை நிறுத்திவிட்டு ஏற்றினார்கள். கிராணிமாருக்கும் பட்டணத்து ஆட்களுக்கும் இது வராது என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். தோட்டத்தில் ஆள் தீர்ந்ததும் பட்டணத்துக்கு வந்தது. வேலையில்லாமல் இருக்கிற ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் லோரியில் ஏற வேண்டியதுதான்.

எங்கள் வட்டாரத்தில் ஆள் காட்டுகிற பொறுப்பு ஒரு தமிழரிடம் வந்து சேர்ந்தது. வட்டாரத் தலைவர் என்று பெயர். யுத்தத்துக்கு முன்னால் அவர் ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. எனக்கே ஒரு பாலிசி விற்றவர். என் உயிர் என்ன விலை பெறும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்ட ஒரே மனிதர் அவர்தான். இப்போது அதை எடுத்துக்கொண்டு போகிற வேலைக்கு வந்திருந்தார். ஆனால் பேச்சில் பழைய மரியாதை குறையவில்லை.

"என்ன சார், இப்ப என்ன பண்றீங்க?" என்று வாசலில் நின்று கேட்டார்.

என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது. "வியாபாரம்."

"அப்படியா! எங்க?"

"பாசார்ல."

"என்ன வியாபாரம் சார்?"

வீட்டுக்குள்ளிருந்து வந்த வாசனையே பதில். அவர் சிரிக்கவில்லை, ஏஜெண்டுகளுக்கு அந்தப் பயிற்சி உண்டு.

"வியாபாரம் பண்றவங்கள எடுக்கறதில்ல சார். ஆனா நெஜமா நடக்கணும். வாங்கற ஆள நான் என் கண்ணால பாக்கணும். சும்மா கோணிய விரிச்சு உக்காந்து கடைன்னு சொன்னவங்கள்லாம் இப்ப சயாம்ல இருக்காங்க" என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "வரேம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் நான் வியாபாரியானேன்.

பட்டணத்துப் பெரிய பாசாரில் விற்பதற்கு ஒன்றும் வருவதில்லை. வந்த கொஞ்சமும் பட்டாளத்துக்குப் போயிற்று. அதனால் காஜா பேராங் சாலையோரத்தில் தானாகவே ஒரு பாசார் முளைத்திருந்தது. அதைப் பாசார் என்று சொல்லவும் மனம் வரவில்லை. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, கேழ்வரகு. தேய்த்தால் அழுக்கோடு தோலையும் எடுத்துப் போகிற சோப்பு. டயரில் வெட்டிய செருப்பு. வளைந்த ஆணிகளைச் சுத்தியலால் நிமிர்த்திக் கூறு போட்டு விற்றவர் ஒருவர். தன் வீட்டு அறைக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்து அதில் சாய்ந்தபடி நின்றவர் ஒருவர். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டே வந்து, வாங்குகிறவர் கேட்டால் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. விற்க வந்தவர்கள் எல்லோரும் வாங்க வந்தவர்களைப் போலப் பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தங்கள் காலடியில் இருக்கிற பித்தளைக் குடம் யாருடையதென்றே தெரியாதது போல ஒரு முகம். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை யாரும் எண்ணுவதில்லை, கட்டாகக் கையில் தூக்கி எடை பார்த்தார்கள். பெரும்பாலும் சாமானுக்குச் சாமான்தான்.

என் பக்கத்துக் கடைக்காரரை நான் நானா என்று கூப்பிடுவேன். என்னைவிட மூத்தவர். பட்டணத்தில், பள்ளிவாசலும் பிள்ளையார் கோயிலும் இருக்கிற ஜாலான் துக்காங் எமாஸுக்கு அடுத்த தெருவில் மூன்று தலைமுறையாக அவர் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை. கடையை ஜப்பான்காரன் ஒரே காலையில் நோட்டுக் கொடுத்து வாங்கிக் காலி செய்துவிட்டான். இப்போது அவர் கோணிச் சாக்கை வெட்டி இடுப்பில் கட்டுகிற சாரங்கள் விற்றுக்கொண்டிருந்தார். பட்டுச் சேலையை விரித்துக் காட்டிய அதே வீச்சோடு சாக்கை விரித்துக் காட்டுவார்.

"தொட்டுப் பாருங்கம்மா, சீனிச் சாக்கு. இடுப்புல உறுத்தாது. அந்தப் பக்கம் இருக்கறது உரச் சாக்கு, அதை எடுக்காதீங்க, அரிக்கும். பொய் சொல்லி விக்க மாட்டேன்."

சிலர் பின்புறம் எழுத்து விழாத சாக்காக வேண்டும் என்று கேட்பார்கள். "எழுத்து இருந்தா என்ன, படிச்ச குடும்பம்னு நெனப்பாங்க" என்பார் நானா.

அந்தச் சாக்குகளை மூட்டித் தைத்துக் கொடுத்தது என் மனைவி. பாய்மரத் துணி தைக்கிற தடித்த ஊசி ஒன்றை நானா எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்தார். கையால்தான் தைக்க வேண்டும். ஒரு சாரத்துக்கு ஒரு பொழுது ஆகும், கட்டைவிரல் வெடித்து ரத்தம் சாக்கில் படும். ஒரு நாள் தைத்ததை வாங்கிக்கொண்டு, "ஒரு மெஷின் மட்டும் இருந்தா தங்கச்சி..." என்று ஆரம்பித்த நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார். மழை வரும் போலிருக்கிறது என்றார். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

என் வியாபாரம் இப்படி: கோணியின் மேல் கிராம்பைச் சின்னச் சின்னக் குவியலாக வைத்துவிட்டு, கை கட்டி உட்கார்ந்திருப்பேன்.

"கூவுங்க கிராணி" என்பார் நானா.

"கிராம்பு இருக்கிறது" என்று சொல்வேன்.

"நல்லாருக்கு. ஆபீஸ் நோட்டீஸ் ஒட்டற மாதிரி."

முதல் வாடிக்கை செட்டிக் கம்பத்துப் பெண் ஒருத்தி. பொட்டும் பூவும் நம்முடையது, பேச்சு மலாய். தாடையைத் துணியால் கட்டியிருந்தாள். ஒரு விரலை உயர்த்தி, "சத்து சஜா, என்சே" என்றாள். ஒன்றே ஒன்று போதுமாம், பல்வலிக்கு. ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தாள். எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. நானா ஒரு சாக்கை மடித்துக்கொண்டே கேட்டார்: "ஒரு பல்லுக்கு ஒரு கிராம்பு. மூணு மூட்டை தீரணும்னா மலாக்காவுல அத்தனை பல்லு இருக்குதா கிராணி? சோறு இல்லாம பாதிப் பேருக்குப் பல்லு ஆடி விழுந்திருச்சே."

தலைவர் முதல் தடவை வந்தபோது என் முன்னால் ஓர் ஈ கூட இல்லை. கிராம்பு வாசத்துக்கு ஈ வராது; அன்று எனக்கு அதுவும் குறையாகப் பட்டது. அவர் குனிந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"யாரும் வரலையா சார்?"

"காலையில நல்ல கூட்டம்" என்றேன்.

நானாவைப் பார்த்தார். நானா அல்லாவைப் பார்த்தார்.

"லோரி வர்ற சமயத்துல மறுபடி வரேன்" என்றார் தலைவர், ஏதோ பாலிசிக்குத் தவணை கட்டுகிற நாளை நினைவூட்டுகிறவர் போல.

எனக்கு எதிர்ப்புறத்தில் ஒரு செருப்புத் தைக்கிறவர் உட்கார்ந்திருப்பார். பேச்சே கிடையாது, எப்போதும் வெற்றிலையை அதக்கிய கன்னம். ஒரு நாள் காலையில் அவர் இடத்தில் ஊசியும் இரும்புக் கட்டையும் மட்டும் இருந்தன. லோரி வந்து போயிருந்தது. செருப்புத் தைப்பது வேலைதானே என்று நான் நானாவிடம் கேட்டேன். "பாக்க வந்தப்ப கையில செருப்பு இல்லையாம்" என்றார். தோல் கிடைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் அந்தக் கட்டையை வேறொருவர் விற்றுக்கொண்டிருந்தார். நானும் விலை கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பாசாரில் உட்கார்ந்தால் வாய் விலை கேட்கிறது.

அதன் பிறகு நான் கூவக் கற்றுக்கொண்டேன். பயம் வந்தால் தொண்டை திறக்கிறது. பல்வலிக்குக் கிராம்பு, வயிற்று உப்புசத்துக்குக் கிராம்பு, வாய் நாற்றத்துக்குக் கிராம்பு என்று கத்தினேன். பசித்த ஊரில் வயிற்று உப்புசம் எங்கிருந்து வரும்? ராத்திரி வீட்டில் என் மனைவி வெந்நீரில் உப்புப் போட்டு என் தொண்டைக்குக் கொடுத்தாள். "எதுக்கும் ஒரு வேட்டி மடிச்சு வச்சிருக்கேன்" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் ஜாவாக்காரர்கள் வந்தார்கள்.

தம்பின் என்ற ஊரிலிருந்து மலாக்காவுக்கு ஒரு ரயில் கிளை இருந்தது. அதன் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சயாமில் போடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. ரயில் பாதையே ரயில் பாதை வேலைக்குப் பிடிபட்டது என்றால் கிராணி எம்மாத்திரம்? பிடுங்குகிற வேலைக்கு ஜாவாவிலிருந்து கப்பலில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். காலையும் மாலையும் எங்கள் பாசார் வழியாக அவர்கள் நடந்து போவார்கள். எங்களிடம் சாக்குச் சாரம் வாங்கக் கூட வக்கில்லாதவர்கள் இருக்க முடியாது என்று நினைத்திருந்தோம், பார்த்தோம். ரப்பர் ஷீட்டை வெட்டி இடுப்பில் கட்டியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே புண். புண்ணில் இலை. பாசாரில் யாரும் அவர்களைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கொடுக்க ஒன்றும் இல்லாதபோது பார்ப்பதும் ஒரு வம்புதான்.

அவர்களில் ஒருவன் என் கடைக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டான். பின்னால் வந்தவன் அவன் மேல் மோதினான். என் வயதுதான் இருக்கும். மூக்கு முதலில் திரும்பியது, பிறகு முகம்.

"செங்கே!" என்றான். கிராம்புக்கு அவர்கள் சொல்.

அவனுக்குப் பின்னால் அந்தச் சொல் வரிசையின் கடைசிவரை ஓடியது. அவர்களோடு வந்த காவல்காரன் நம் ஊர்ப் போலீஸ்காரப் பையன்தான். தடியை ஓங்கினான். அவர்கள் கலைந்து நடந்தார்கள். மறுநாள் காலையில் அந்த மனிதன் வரிசையின் ஓரத்தில் வந்தான், இடுப்பு முடிச்சில் ஒரு பிடி அரிசியோடு. அவர்களுக்குப் பொங்கிக்கொள்ளக் கொடுக்கிற படி அரிசி அது. அரிசியைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றேன். நானாவின் கத்தரிக்கோல் பாதிச் சாக்கில் நின்றது.

அவன் மலாயும் என் மலாயும் தூரத்துச் சொந்தம். ஆனாலும் வியாபாரம் பேச அது போதும். ஒரு கிராம்பை எடுத்தான். தலையைக் கிள்ளிப் பார்த்தான். முகர்ந்தான்.

"பழசு அபாங்" என்றான், அண்ணனைக் கூப்பிடுகிற மலாய்ச் சொல்லில்.

"யுத்தத்துக்கு முந்தின சரக்கு. அதுக்கே தனி விலை" என்றேன்.

"பாதிக்குத் தலையே இல்லையே!"

"தலையோட இருக்கறவங்க இப்ப யாரு இருக்கா?"

அவன் சிரித்தான். முன்பல் இரண்டு இல்லை. அவனும் ஊரில் பாசாரில் கடை போட்டவனாம். சோள மட்டையில் புகையிலையோடு கிராம்பைத் தூள் செய்து சுருட்டி விற்றவனாம். அங்கே அதுதான் சுருட்டு. பற்றவைத்தால் கிராம்பு படபடவென்று வெடிக்கும்.

"ஒரு பிடி அரிசிக்கு ஒரு பிடி கிராம்பு" என்றான்.

"சரி."

"கிராம்பை உங்க கையால அள்ளுங்க. அரிசிய என் கையால அள்றேன்."

அவன் கையைப் பார்த்தேன். எலும்பும் நரம்பும்தான், அதில் ஒரு பிடி என்றால் அரைப் பிடி. "அதெப்படி? ரெண்டும் உங்க கையாலயே அள்ளுங்க" என்றேன். "அப்ப ரெண்டும் உங்க கையாலயே" என்றான் அவன். நான் யோசித்தேன். அவன் என் யோசனையை ரசித்துக்கொண்டு நின்றான். அந்த வருஷங்களில் அந்தச் சாலையோரத்தில் நடந்த உண்மையான பேரம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் கேட்டதைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். கடைசியில் கிராம்பு என் கையால், அரிசி அவன் கையால் என்று அவன் சொன்னபடியே முடிந்தது. தோற்றதில் எனக்குச் சந்தோஷம்.

அதிலிருந்து தினமும் வந்தார்கள். போலீஸ்காரப் பையனுக்கு ஒரு சுருட்டுக் கொடுத்தால் அவன் முதுகைக் காட்டி நிற்பான். காய்ந்த பப்பாளி இலையோ, எது கிடைத்ததோ அதில் கிராம்பைச் சுருட்டி, ஐந்தாறு பேர் ஒன்றை மாற்றி மாற்றி இழுப்பார்கள். கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்தப் படபடச் சத்தத்துக்கு ஒருவன் அழுததை நான் பார்த்திருக்கிறேன். தின்னுகிற அரிசியைக் கொடுத்துப் புகையை வாங்குகிறார்களே என்று நான் நானாவிடம் சொன்னேன். "உங்களுக்கு வேணாம்னா வேற எடத்துல கடை போடுங்க" என்றார். நான் இடத்தை மாற்றவில்லை.

வீட்டில் சோறு பொங்கியது. என் மனைவி ஒரு தட்டு அரிசியை மடியில் வைத்துக்கொண்டு கல் பொறுக்கினாள். கல்லே இல்லை, சும்மா விரலால் அளைந்துகொண்டிருந்தாள்.

"யார் குடுத்தது?"

"ஜாவாக்காரங்க."

"அவங்க என்ன சாப்பிடுவாங்க?"

நான் அடுப்பை ஊதினேன். அவள் அரிசியைக் களைந்தாள். சாப்பிட்டோம். ருசியாக இருந்தது. வேறு மாதிரி எழுத ஆசைதான், ஆனால் ருசியாகத்தான் இருந்தது.

தலைவர் இரண்டாம் தடவை வந்தபோது என் முன்னால் ஒரு கூட்டமே குந்தியிருந்தது. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து விரித்தார். "மாதிரிக்குக் கொஞ்சம் அரிசி சார்" என்றார். கொடுத்தேன். "வியாபாரம் நல்லா நடக்குது" என்றார். எனக்கு முதுகெலும்பு திரும்பக் கிடைத்தது போல இருந்தது. அதன் பிறகு மாதிரி பார்க்க அடிக்கடி வந்தார்.

தண்டவாளம் பிடுங்குகிற வேலை முடிந்தது. பிடுங்கியதோடு அவர்களையும் சேர்த்து ஏற்றப் போகிறார்கள் என்று பாசாரில் எல்லோருக்கும் தெரியும். கடைசி நாள் காலையில் அந்த மனிதன் வந்தான். காலில் கட்டியிருந்த இலை கறுத்திருந்தது. அன்றைக்கு அரிசி கொடுக்கவில்லையாம். போகிற இடத்தில் கொடுப்பார்களாம்.

"சயாம்ங்கறாங்க அபாங். குளிரா இருக்குமா?"

"மழை ஜாஸ்தின்னு கேள்வி" என்றேன்.

ஒரு சின்னப் பையில் கிராம்பை அள்ளிப் போட ஆரம்பித்தேன். நிறைய அள்ளினேன். கொண்டு போங்கள், ஒன்றும் தர வேண்டாம் என்றேன். அவன் வாங்கவில்லை. சற்றுத் தள்ளி, புளியமரத்தடியில் தலைவர் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். அவர் பக்கத்தில் கூட இரண்டு பேர்.

"என்ன சார், தர்மமா?" என்று அங்கிருந்தே கேட்டார். சிரித்த முகம்தான்.

என் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. செருப்புக்காரர் உட்கார்ந்திருந்த இடம் எதிரே தெரிந்தது. அந்த ஜாவாக்காரனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பாசாரில் கடை போட்டவனுக்கு அந்தப் பார்வை போதும் போலிருக்கிறது. இடுப்பு ரப்பர் ஷீட்டுக்கு உள்ளே கையை விட்டு, மடித்து மடித்துச் சுற்றியிருந்த ஒரு துணியை உருவினான். ஜாவாவின் பழைய பாத்தேக் சாயத் துணி. சாயம் மங்காத ஒரிஜினல். எத்தனை நாள் எங்கெங்கே அதை ஒளித்து வைத்திருந்தானோ! நானாவின் கை அவரைக் கேட்காமலே அதைத் தொட நீண்டது.

"நானும் வியாபாரிதான். சும்மா வாங்க மாட்டேன்" என்றான் உரக்க. பிறகு மெதுவாக, "ஆனா உங்க கையால அள்ளுங்க" என்றான்.

அள்ளினேன். பை கொள்ளாமல் நானாவின் சாக்குத் துண்டு ஒன்றிலும் கட்டிக் கொடுத்தேன். துணியை வாங்கி, தலைவர் பார்க்கும்படி விரித்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்த ஜாவாக்காரன் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டான். அவர்கள் திருப்பத்தைத் தாண்டிய பிறகும் கொஞ்ச நேரம் சாலையில் கிராம்பு வாசம் இருந்தது. பிறகு வழக்கமான பாமாயில் சோப்பு நாற்றம் வந்துவிட்டது.

அந்தத் துணியை நான் விற்கவே இல்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். மறுவாரமே விற்றேன். நானாதான் விற்றுக் கொடுத்தார், பழைய நாட்களைப் போலக் கையை வீசி விரித்து. கிடைத்த கிழங்கு சில நாட்களுக்கு வந்தது. அவர்களில் யாரும் அந்த வழியாகத் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

மீதிக் கிராம்பு யுத்தம் முடிகிறவரை வீட்டில் இருந்தது. லோரி பல தடவை வந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பினான். தலைவரை இரண்டு பேர் ஆற்றங்கரையில் வைத்து அடித்தார்கள். அப்புறம் அதுவும் அடங்கி, அவர் மறுபடி இன்ஷூரன்ஸ் விற்க ஆரம்பித்தார். எனக்கும் ஆபீஸில் பழைய நாற்காலி கிடைத்தது. நடந்ததை நான் சொல்லிச் சொல்லி, அதற்கு நல்ல வடிவம் வந்திருந்தது. ஊரே சிரித்த கிராம்பு கடைசியில் என் உயிரைக் காப்பாற்றியது, சரித்திரம் படித்தது வீண்போகவில்லை என்று முடிப்பேன். முடிக்கிற இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவேன். என் மனைவி அந்த இடத்தில் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஒரு நாள் தேநீர்க் கடையில் இதை நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நானாவும் இருந்தார். அடுத்த மேசையில் தலைவர் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. முடித்தபோது திரும்பினார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஆனாலும் சாட்சி கிடைத்ததே என்று, "நீங்களே சொல்லுங்க. அந்தக் கூட்டத்தப் பாத்துத்தான என்னை விட்டீங்க?" என்று கேட்டேன்.

"கூட்டமா?" என்றார் அவர், ரொட்டியைக் கடித்தபடி. "அது இல்ல சார். நீங்க கடை போட்ட முதல் வாரமே தூரத்துல நின்னு ஜப்பான்காரன்கிட்ட உங்களக் காட்டிட்டேன். ஏற எறங்கப் பாத்தான். இந்த நோஞ்சான் சயாம் போய்ச் சேராது, லோரியில எடந்தான் வீணாகும்னுட்டான்."